மேசை மேல் வளைந்த சுவர்

கல் தெறித்து என் இடது புருவத்தைக் கிழித்தது. பெரிய கல் என்று நினைத்துவிடாதீர்கள். கொள்ளு அளவுச் சில்லு. ஆனாலும் ரத்தம் கண்ணுக்குள் இறங்கிவிட்டது.

தங்க வயல் ஊரிகத்தில் ஒரு துரை பங்களாவின் பின்தாழ்வாரம் அது. காலை நீட்டி உட்கார்ந்து, முன்னால் ஒரு தண்டவாளத் துண்டைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் புளியங்கொட்டை அளவுக்குக் கல் செதுக்கிக்கொண்டிருந்தேன். முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துப் பட்லர் ராயப்பனுக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னாக்கா, மலை ஒடைக்கிறப்போ எல்லாம் ஒண்ணும் ஆவல. பொம்மைக் கல்லு ஒடைச்சி மூஞ்ச கிழிச்சிக்கினியே!"

"உன் துரைய வந்து ஒடைக்கச் சொல்லு. அவர் மூஞ்சி தப்புதா பார்க்கலாம்" என்றேன்.

இந்தத் தொடரில் இதுவரை நான் சொன்ன கஷ்டங்களுக்கு எல்லாம் ஏதாவது ஒரு முடிவு இருந்தது. இந்த வாரம் சொல்லப்போவதற்கு அப்படி ஒரு முடிவு இல்லை. எழுதாமல் விட்டுவிடலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். எழுதினால் பாரம் குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

சாந்து தூக்கியவள் அல்ல

"கல் வேலையில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை, சாந்து தூக்கினீர்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சாந்தும் தூக்கினேன் ஐயா. உளியும் பிடித்தேன். என் வீட்டுக்காரர் சின்னப்பன் வடாற்காட்டுக் கல்தச்சர். வேலூர்ப் பக்கத்தில் கிணறு கட்டிக்கொண்டிருந்த குடும்பம். மழை பொய்த்து, கிணறு வெட்ட ஆள் இல்லாமல் போனபின் நாங்கள் இருவரும் தங்க வயலுக்கு வந்தோம். சுரங்கத்துக்குள் அவர் இறங்கவில்லை. மேலேயே சுவர் கட்டினார். பௌரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்கு ரயில் வந்தபோது, பாதையோரம் மண் சரியாமல் தாங்கும் சுவர்களில் பாதி அவர் கைபட்டவை. அவர் பெரிய கல்லைப் பிளப்பார். நான் சின்னக் கல்லைச் சதுரமாக்குவேன்.

அந்தச் சுவர்களைப் பார்த்துத்தான் துரை எங்களைக் கூப்பிட்டனுப்பினார். ரயில் பாதை வேலைகளைப் பார்த்துக்கொண்ட இஞ்சினியர் அவர். பெயர் வேண்டாம். கூலிக்காரர்களின் லயன் வீடுகளில் எல்லாரும் அவரைப் பொம்மைத் துரை என்றுதான் சொல்வோம். காரணம், தாழ்வாரத்தில் கிடந்த அந்த மேசை.

நாலு பேர் படுத்து உருளலாம், அவ்வளவு பெரியது. அதன் மேல் ஊரிகம் இருந்தது. சாக்குத்துணியை நனைத்துச் சுண்ணாம்பு பூசி மேடு பள்ளம் செய்திருந்தார். ரம்பத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் புல் தூவியிருந்தார். தகரத்தில் தண்டவாளம். அதன் மேல் சாவி கொடுத்தால் ஓடும் சின்ன ரயில். சுவர்கள் மட்டும் பாக்கி. அட்டையில் வெட்டிப் பார்த்தாராம், பிடிக்கவில்லை. நிஜக் கல்லில்தான் வேண்டுமாம்.

என் வீட்டுக்காரர் விரல்கள் வாழைக்காய் மொத்தம். சின்னக் கல்லை எடுத்தால் நழுவி விழும். அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

ஏடு ஏடாகப் பிரிகிற கல்

முதலில் வழக்கமான வெள்ளைக் கருங்கல்லைத்தான் எடுத்தேன். அடித்தால் சர்க்கரைக் கட்டி உதிர்வதுபோல் உதிர்ந்தது. கல்லுக்குள் இருக்கும் பொடிமணிகள் பெரிது. கல்லைச் சிறிதாக்கலாம், மணியைச் சிறிதாக்க முடியுமா? இரண்டு நாள் வீணாகப் போயிற்று.

பிறகு சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டிக் கிடக்கும் குவியலுக்குப் போனேன். அங்கே ஒரு கறுப்புக் கல் கிடைக்கும். பூமிக்கு அடியில் எவ்வளவோ ஆழத்திலிருந்து, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றி மேலே கொண்டுவந்து, தங்கம் இல்லை என்று தள்ளிவிட்ட கல். உளியை ஓரத்தில் வைத்துத் தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும். அதைக் குச்சி குச்சியாக நறுக்கி, குச்சியைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டின் முகத்தையும் ஆணியால் கொத்த வேண்டும். கொத்தாமல் விட்டால் கல்லாகத் தெரியாது, கரித்துண்டாகத் தெரியும்.

நான் செதுக்கித் தருவேன். என் வீட்டுக்காரர் வஜ்ஜிரப் பசை தொட்ட கம்பி நுனியில் கல்லை ஒட்டி எடுத்து, சுவருக்கென்று வெட்டிய மரக்கட்டையின் முகத்தில் பதித்துக்கொண்டே போவார். பெரிய சுவருக்கு என்ன முறையோ அதே முறை. மேல்வரிசைக் கல் கீழ்வரிசையின் இடுக்கை மூட வேண்டும். மேலே போகப் போகச் சுவர் மண்பக்கமாகக் கொஞ்சம் சாய வேண்டும். பொம்மைதானே என்று ஓர் இடத்தில் நான் இடுக்கின் மேல் இடுக்கு வரும்படி கல்லைத் தள்ளினேன். அவர் அதைப் பிடுங்கிப் போட்டார்.

"இத்த யாருயா பார்க்கப் போறான்?" என்றேன்.

"நான் பார்ப்பேன் இல்ல?" என்றார்.

அந்த நாட்களில் அவர் பேசியதே அவ்வளவுதான். எங்கள் மகள் போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

காய்ச்சல் கொட்டகை

மகள் பெயர் எஸ்தர். பேச்சு முழுசாக வந்துவிட்ட வயது. ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் கூடவே ஊதுவாள். தூங்கும்போது அப்பாவின் தலைப்பாகைத் துணியைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடுங்கினால் விழித்து அழுவாள்.

கொள்ளைக் காய்ச்சல் லயன்களுக்குள் வந்த வருஷம் அது. அக்குளில் கட்டி வந்தால் போதும், ஊருக்கு வெளியே ஓலைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கொட்டகையில் இறந்தவர்களைச் சபைக் கல்லறைக்குக் கொண்டுவர அனுமதி இல்லை. மொட்டைப் பாறைக்குக் கீழே சரிவில் புதைத்து, மேலே சுண்ணாம்பு கொட்டுவார்கள். அந்த இடத்தை யாரும் எப்போதும் தோண்டக் கூடாது என்று டாக்டர் உத்தரவு.

எஸ்தரை அவர் தலைப்பாகைத் துணியிலேயே சுற்றினோம். பாறையில் வெடிப்பு விட்ட இடத்துக்கு நேர் கீழே குழி. மற்றவர்கள் குச்சி நட்டார்கள், குச்சி மழையில் போயிற்று. என் வீட்டுக்காரர் தலைமாட்டில் ஒரு கல் நட்டார். செதுக்காத கல், முழங்கால் உயரம், பச்சை ஓடிய கறுப்பு. எழுத்து எதுவும் வெட்டவில்லை. எழுதி என்ன ஆகப்போகிறது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நாங்கள் நேரே அங்கே போவோம்.  அவர் கல்லைச் சுற்றிப் புல் பிடுங்குவார். எனக்கு அந்த வாரத்தில் மூச்சு விட்டதாக நினைவிருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

மேசையில் ஒரு பாறை

ஒரு நாள் காலையில் மேசையின் கிழக்கு ஓரத்தில் புதிதாக, பாறைபோல் ஒரு கோக்குக் கரிக் கட்டியைக் கண்டேன். அதன் கீழே துரை சாக்பீஸால் நேர்கோடு ஒன்று இழுத்திருந்தார். சுவர் வரவேண்டிய கோடு.

"ராயப்பா, இது இன்னா எடம்?"

"மொட்டைப் பாறைக்கா. புது சொரங்க ஷாப்டுக்கு லைன் போடப் போறாங்கோ இல்ல? தோ, இப்டிக்கா போவுது. சுவரு கட்டி, உள்ளாற மண்ணு கொட்டி, மேல ரயிலு."

நான் உளியைக் கீழே வைத்தேன். கோக்குக் கட்டியில் வெடிப்புகூட இருந்தது. துரை பார்த்துப் பார்த்துத்தான் கட்டியைத் தேடியிருக்க வேண்டும். வெடிப்புக்கு நேர் கீழே விரலை வைத்தேன். என் விரல் சாக்பீஸ் கோட்டுக்கு உள்பக்கம் நின்றது. மண் கொட்டப்போகிற பக்கம்.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் அந்த இடத்துக் கோட்டை மட்டும் அழித்தார்.

"வளைச்சிடலாம்" என்றார்.

சுவரை அங்கே மட்டும் ரயில் பக்கமாக, நிலத்துக் கணக்கில் ஒரு முழம் உள்வாங்கினால் போதும். எஸ்தர் சுவருக்கு வெளியே நிற்பாள். பாதைக்கு ஒரு குறையும் வராது, இடம் தாராளம்.

"மேசைல வளைச்சா நெலத்துல வளையுமாயா?" என்று கேட்டேன்.

"இதான் மாதிரி, பாக்கியம். மாதிரி எப்டியோ வேலை அப்டி."

மாதிரி என்றால்

இதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்தச்சர்கள் காகிதம் பார்த்துக் கட்டுகிறவர்கள் அல்ல. ஒருவர் கிணறு கட்டச் சொன்னால், முதலில் களிமண்ணிலும் சில்லுக் கல்லிலும் ஒரு முறம் அளவுக்குக் கிணறு செய்து அவர் வாசலில் வைப்பார்கள். படி எந்தப் பக்கம், ஏற்றம் எந்தப் பக்கம் என்று எல்லாம் அதில் இருக்கும். சொந்தக்காரர் சுற்றிப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். அவர் தலையாட்டிய பிறகு அந்த மாதிரியை மாற்ற அவருக்கே உரிமை கிடையாது. என் மாமனார் ஒரு மணியக்காரரோடு இதற்காகச் சண்டை போட்டு, பாதிக் கிணற்றோடு கருவிகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

அப்படி வளர்ந்த மனிதர் என் வீட்டுக்காரர். துரை இவ்வளவு பாடுபட்டு, நிஜக் கல்லில், இன்னும் போடாத பாதைக்குச் சுவர் வைக்கச் சொல்கிறார் என்றால் அது வேறு என்னவாக இருக்க முடியும்? எனக்குச் சந்தேகம் இருந்தது. நான் எதையும் லேசில் நம்புகிறவள் அல்ல. ஆனால் இதை நம்ப எனக்கு ஆசை இருந்தது.

அந்த வளைவுக்கு நான் செதுக்கிய கற்களைப் போல அதற்கு முன்னும் செதுக்கவில்லை, பின்னும் செதுக்கவில்லை. வளைவில் கல்லின் முகம் அகலமாகவும் வால் குறுகலாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் பல்லில் கடித்துப் பிடித்து ஆணியால் சீவினேன். நாக்கெல்லாம் கல்பொடி. அவர் ஒட்டினார். ஒவ்வொரு வரிசைக்கும் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு ஒட்டினார்.

துரை தலையாட்டினார்

முடித்த மறுநாள் துரை வந்து பார்த்தார். நாங்கள் தூணோரம் நின்றோம். அவர் மேசையைச் சுற்றி வந்து, மொட்டைப் பாறை அருகில் நின்றார். முட்டி போட்டு, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுபோய், அந்த வளைவையே பார்த்தார். வாயில் பைப் அணைந்துபோயிருந்தது.

 கோட்டை அழித்ததற்குத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் எழுந்து, எங்களைப் பார்த்து, நன்றாகத் தலையாட்டினார். "வெரி ப்ரெட்டி. நல்லா இர்க்கு" என்றார். ரயிலுக்குச் சாவி கொடுத்து விட்டார். அது கடகடவென்று வந்து வளைவைத் தாண்டிப் போயிற்று.

என் வீட்டுக்காரர் கைகூப்பினார். வீட்டுக்கு வரும் வழியில் என்னைவிட வேகமாக நடந்தார். நடுவில் நின்று, திரும்பி, "பார்த்தியா, தலை ஆட்டிட்டாரு" என்றார். எஸ்தர் போனபின் அவர் முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்தது அன்றுதான். அன்று ராத்திரி சோறு கேட்டு இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார்.

நூல்

மழை நின்றதும் மொட்டைப் பாறைக்குக் கீழே முளை அடித்தார்கள். சுவர் வேலைக்கு என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டார்கள். மத்தியானம் நான் கஞ்சி கொண்டுபோனபோது அவர் வேலை செய்யாமல் நின்றுகொண்டிருந்தார்.

முளைக்கு முளை நூல் கட்டியிருந்தது. நூல் வளையவில்லை. எஸ்தரின் கல் உள்பக்கம் நின்றது.

"இங்க வளைவு கீதுங்க. மாதிரில கீது" என்று ஓவர்சியரிடம் சொன்னார்.

"எந்த மாதிரிய்யா?"

"துரை பங்களால. துரை பார்த்துத் தலை ஆட்டினாரு."

ஓவர்சியருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். பொம்மை ரயிலைப் பார்த்து நிஜ ரயில் போட வேண்டுமாம் என்று கூடைக்காரப் பெண்கள் வரை பேச்சு போயிற்று.

நாங்கள் பங்களாவுக்கு ஓடினோம். ராயப்பன்தான் எடுத்துச் சொன்னான். அதுவரை அவனுக்கே எஸ்தர் விஷயம் தெரியாது.  துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.  பிறகு இங்கிலீஷில் மெதுவாகப் பேசினார்.

"அது வெளையாட்டுச் சாமானாம்கா" என்றான் ராயப்பன். "லைனு காயிதத்துல எப்பவோ முடிஞ்சி, மேலேர்ந்து உத்தரவு வந்துடிச்சாம். இப்போ அவராலயும் ஒண்ணும் செய்ய முடியாதாம். அவங்க ஊருல ரோட்டோரம் கல்லுச் சுவரு இப்டிதான் வளைஞ்சி வளைஞ்சி போவுமாம். அத்த பார்த்த மாதிரி இருந்திச்சாம். அதனாலதான் பேசாம விட்டாராம்."

"தலை ஆட்டினாரே, ராயப்பா" என்றார் என் வீட்டுக்காரர்.

ராயப்பன் அதையும் சொன்னான். துரை தலைகுனிந்து, "சாரி" என்றார். நல்ல மனிதர்தான். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குத் திட்டவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

சபைப் போதகரிடம் போனேன். கடைசி நாளில் எல்லாரும் எழுந்து வருவோம் அம்மா, கலங்காதே என்றார். அவள் எழுந்து வரும்போது மேலே ரயில் நின்றால் என்னங்க செய்வாள் என்று கேட்டேன்.  நான் அதன் பிறகு ரொம்ப காலம் ஆராதனைக்குப் போகவில்லை.

கல்லோடு கல்

அந்த இடத்துச் சுவரை வேறு யாரும் கட்டக் கூடாது என்று என் வீட்டுக்காரர் கெஞ்சி வாங்கிக்கொண்டார். நான் போகவில்லை. போய்ப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன்.

மண் கொட்டுவதற்கு முன்னால் தலைமாட்டுக் கல்லைப் பிடுங்கி வந்து, சுவரின் வெளிமுகத்தில், எஸ்தருக்கு நேராக வைத்திருக்கிறார். சுவரைப் பார்த்தால் அந்தக் கல் தெரியும், அதற்குப் பின்னால் பிள்ளை இருக்கிறாள் என்று நாங்கள் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். ஓவர்சியர் வந்து தடியால் தட்டி, இந்த ஒரு கல் மட்டும் ஏன் கரடாக நீட்டிக்கொண்டிருக்கிறது, எடு அல்லது செதுக்கு என்றார். எடுக்க மனசு வரவில்லை. செதுக்கினார். பச்சை ஓடிய தோல் எல்லாம் போய், மற்றக் கற்களின் அளவுக்கும் நிறத்துக்கும் அது வந்துவிட்டது. சுவர் முடிந்து, இடுக்குகளுக்குச் சுண்ணாம்பு பூசி, மூன்று மழை பெய்தபின் எது அந்தக் கல் என்று எனக்குத் தெரியவில்லை.

அவரைக் கேட்டேன். "கீழேர்ந்து நாலாவது வரிசை" என்றார். அடுத்த தடவை கேட்டபோது, "அஞ்சாவதோ" என்றார். மூன்றாம் தடவை நான் கேட்கவில்லை. பாறையின் வெடிப்பை வைத்துக் கணக்கிடலாம் என்றால், மேட்டுக்கு மண் போதாமல் அந்தப் பாறையையே வெடி வைத்து உடைத்துக் கொட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் சுவர் கட்டப் போகவில்லை. சுரங்கத்துக்குள் இறங்கினார். மேலே இருக்கப் பிடிக்கவில்லை என்றார்.

வைக்கோல்

துரைக்கு ஊருக்குப் போக உத்தரவு வந்தது. மேசையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பெட்டிகளில் அடுக்க வேண்டும், கல் உதிராமல் அடுக்க உன் கைதான் வேண்டும் என்று ராயப்பன் வந்து கூப்பிட்டான். என் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் போனேன்.

மொட்டைப் பாறைத் துண்டைக் கடைசியாக எடுத்தேன். வஜ்ஜிரம் நன்றாக இறுகியிருந்தது. ஒரு கல்கூட அசையவில்லை. தூக்கித் தரையில் அடித்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. அடிக்கவில்லை. அங்கே மட்டும்தான் என் பிள்ளை வெளியே நிற்கிறாள்.

துரை பக்கத்தில் வந்து நின்று, அந்த வளைவைக் காட்டி ஏதோ சொன்னார்.

"இத்த ரொம்ப ஜாக்கிரதையா வெக்கணுமாம்கா" என்றான் ராயப்பன். "ஊருல தொரைக்கு ஒரு புள்ள கீறானாம். எல்லாம் அவனுக்காவ செஞ்சதுதானாம். எழுந்து நடக்க முடியாத புள்ளயாம். தெனம் படுத்துகினே ரயிலு ஓட்டுவானாம்."

நான் வளைவைச் சுற்றி வைக்கோலைத் திணித்தேன். இன்னும் ஒரு பிடி எடுத்துத் திணித்தேன்.

"ராயப்பா, தொரைகிட்ட ஒண்ணு சொல்லு. அந்தப் புள்ள இந்த எடத்துல மட்டும் ரயில மெதுவா ஓட்டணும்னு சொல்லு."

ராயப்பன் என்னைப் பார்த்தான். துரையைப் பார்த்தான். அதை அவன் அவரிடம் சொல்லவே இல்லை. மூடியை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்து, ஆணி அடிக்க ஆரம்பித்தான்.